எஸ்தர் அக்காவின் டொபிச் சட்டி

அன்புள்ள எஸ்தர் அக்கா,

நம் பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அதில் உன்னைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். "டீச்சர், உங்களுக்குத்தான் அவங்கள நல்லாத் தெரியும். மனசுல பட்டத அப்படியே எழுதுங்க" என்று பள்ளங்கி முருகேசன் போனில் சொன்னான். மனதில் பட்டதை அப்படியே எழுதினால் அச்சில் போடுவாயா என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

மனதில் பட்டது இதுதான் அக்கா. எனக்கு உன்மேல் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது. மாசியில் நீ போனாய், இப்போது மார்கழி. பத்து மாதத்தில் துக்கம் கொஞ்சம் படிந்திருக்கிறது. பொறாமை படியவில்லை.

உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வந்து என்னைக் கும்பிட்டார். என்னிடம் மூன்று வருடம் அறிவியல் படித்தவர். ஜன்னலையெல்லாம் மூடி, ஒரே ஒரு ஓட்டை வழியாக வெயிலை விட்டு, கண்ணாடிப் பட்டகத்தில் ஏழு நிறம் பிரித்துக் காட்டினேனே, அதைச் சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் கேட்டது, "டீச்சர், எஸ்தர் டீச்சர் டொபி இப்பவும் உண்டா?"

நீ தையல் டீச்சர். பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் உன் வகுப்பு. அந்த ஆள் ஒரு நாள்கூட உன் முன்னால் உட்கார்ந்ததில்லை. இருந்தும் அவர் நாக்கில் நீதான் இருந்தாய். என் ஏழு நிறமும் எங்கே போயிற்று?

இதைப் படிக்கிறவர்களில் உன் டொபியைத் தின்னாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் உன்னுடையது. உன் அம்மா தூக்கிவந்த பாத்திரம் இரண்டு. அதில் ஒன்று அடிகனத்த அலுமினியச் சட்டி, ஒரு பக்கம் நசுங்கியது. அதில் டின் பாலும் சீனியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, கிளறிக் கிளறி, வெண்ணெயும் முந்திரியும் சேர்த்து, தட்டில் கொட்டி வில்லை போட்டால் டொபி. நான் 'டாஃபி' என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது. "அது கடையில விக்கிறது பிள்ளை. இது டொபி" என்பாய்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு சனிக்கிழமை, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உன் வீட்டு அடுப்படியில் அது நடக்கும். நாற்பது வீட்டுக்குப் போக வேண்டும். பழனியிலிருந்து வேலைக்கு ஏறிவந்து, குளிர் தாங்காமல் முதல் வாரமே திரும்பிவிடப் பார்த்த எனக்குக் கம்பளி கொடுத்து நிறுத்திவைத்தவள் நீ. அதனால் அந்தச் சனிக்கிழமைக்கு நீ கூப்பிட்டபோது நான் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. "கரும்பலகையில எழுதின கை, உரமா இருக்கும்" என்று கரண்டியை என்னிடம் கொடுத்தாய். இருபத்தாறு வருடம் அந்தக் கரண்டி என் கையில்தான் இருந்தது.

அளப்பது நீ. முந்திரி நறுக்குவது நீ. தட்டில் வெண்ணெய் தடவுவது நீ. எண்ணெய்க் கடதாசியைச் சதுரமாக வெட்டுவது நீ. நான் கிளறுவேன், கிளறிக்கொண்டே பேசுவேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேஜையில் வேலை பார்ப்பாய். திடீரென்று, "தள்ளு" என்பாய். துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கித் தட்டில் கொட்டுவாய். ஒரு வருடமாவது கல்லாக வேண்டுமே, ஒரு வருடமாவது களியாக வேண்டுமே. கிடையாது.

மற்றவர்கள் பதம் பார்க்க ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார்கள், விரலில் உருட்டுவார்கள். நீ சட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "எப்படிக்கா தெரியுது?" என்று வருடம் தவறாமல் கேட்டேன். "தெரியும் பிள்ளை" என்று வருடம் தவறாமல் சொன்னாய். வேறு ஒரு வார்த்தை உண்டா? பொட்டலம் கைக்கு வந்ததும் ஊரே "எஸ்தர் டீச்சர் டொபி" என்றது. தோள் கழலக் கிளறியவள் பெயரை ஒரு வாய் சொன்னதா?

அதுகூடப் பரவாயில்லை. பிறகு பாண்டியம்மா வந்தாள்.

நீ இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது உன்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள். கவுஞ்சி என்கிற மலைக்கிராமத்துக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பூண்டு வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு, உன்னை ஒரு குழந்தையைப் போலத் தூக்கி உட்காரவைப்பாள். உனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு வெயிலில் உட்காரவைத்துச் சிக்கெடுப்பாள். நான் சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நிற்கும். எனக்கு டீ வரும். விருந்தாளிக்கு வருகிற மாதிரி, தட்டு வைத்து.

போன டிசம்பரில் நீ நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். நான் வழக்கம்போலக் கிளறினேன். ரயில் உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தேன், நகர்வது ரயிலா மரமா என்று. நீ பாண்டியம்மாவைக் கிட்டே கூப்பிட்டு அவள் காதில் என்னவோ சொன்னாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்னக்கா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல பிள்ளை. நீ சொல்லு. ரயில் எங்க போச்சு?"

கோபத்தில் வேகமாகக் கிளறினேன். நீ திரும்பாமலே, "அட, சும்மா சொல்லு. மெய்யாத்தான் கேக்கிறேன்" என்றாய். சரி என்று மறுபடி ஆரம்பித்து நான் பாதி வருவதற்குள் "தள்ளு" என்றாய். அந்த ரயில் அப்படியே நின்றுவிட்டது. அதுதான் கடைசி டொபி என்று உனக்குத் தெரிந்திருந்ததா?

உன் எட்டாம் நாள் ஜெபம் முடிந்ததும் உன் மகன் எல்லாரையும் உட்காரவைத்து, "அம்மா சொல்லிட்டுப் போனாங்க" என்று ஒவ்வொரு பொருளாகக் கொடுத்தான். எனக்கு உன் தையல் கத்தரிக்கோல். சட்டி பாண்டியம்மாவுக்கு.

நான் தைக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? அறுந்த பட்டனைக்கூட நீதானே வைத்துத் தருவாய். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு "ரொம்ப நல்லது தம்பி" என்று சிரித்தேன். பரீட்சைத் தாளில் பூஜ்யம் போட்டுவிட்டு, பிள்ளையின் அம்மா எதிரே வந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலைப் பீரோவின் அடித்தட்டில் போட்டு, மேலே பழைய புடவைகளை அடுக்கினேன்.

டிசம்பர் வந்தது. ஒரு முடிவு செய்தேன். இந்த வருடம் பாண்டியம்மா நாற்பது வீட்டுக்கும் டொபி கொண்டுபோவாள். அவளுக்கு முன்னால் நான் கொண்டுபோக வேண்டும். கையால் பதம் பார்ப்பது உன் வித்தையென்றால், நான் அறிவியல் டீச்சர். பெங்களூரில் இருக்கும் என் மகளிடம் சொல்லி, பாகில் வைத்துப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வரவழைத்தேன். கூட வந்த தாளில் இந்த மாதிரி மிட்டாய்க்கு நூற்றுப் பதினாறு டிகிரி என்று போட்டிருந்தது. நூற்றுப் பதினாறு வரும்வரை அடுப்பைவிட்டு நகராமல் நின்றேன். கொட்டினேன். ஆறியதும் கத்தியை வைத்து அழுத்தினேன். கத்தி வளைந்தது. அம்மிக்குழவியைப் போட்டேன். தட்டு நெளிந்தது. டொபி அப்படியே இருந்தது.

அந்த நெளிந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கொடைக்கானலில் பருப்பு ஏன் லேசில் வேகாது என்று முப்பத்தொரு வருடம் யார் பாடம் நடத்தினார்கள்? மலைமேல் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் இங்கே தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும், அதனால்தான் குக்கர் என்று எத்தனை வகுப்பில் பலகையில் எழுதினேன்? தண்ணீருக்கு ஏழு டிகிரி குறைந்தால் பாகுக்கும் குறையும்தானே. சமவெளிக்காரர்களின் கணக்கை வைத்து மலையில் மிட்டாய் செய்தவள் அறிவியல் டீச்சர். நீ இருந்திருந்தால் இதை எத்தனை கிறிஸ்துமஸுக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்? சிரிக்க ஆளில்லாமல் அந்தத் தப்பு அடுப்படியில் சும்மா கிடந்தது.

மறுநாள் ஏழைக் கழித்துக்கொண்டு மறுபடி வைத்தேன். வெளியே மஞ்சு இறங்கி ஜன்னலை மூடிவிட்டது. அடிக்கொரு தரம் கிளறுவதை நிறுத்தி, குனிந்து வெப்பமானியைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துப் பார்த்தேன், மறுபடி படிந்தது. கிளறாமல் விட்ட சீனி சும்மா இருக்குமா? மொத்தமும் பூத்து மணலாய்ப் போயிற்று.

அந்த மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பாண்டியம்மா. இடுப்பில் சாக்கில் சுற்றிய எதுவோ. டொபி கொண்டுவந்துவிட்டாள். எனக்கே முதல் பொட்டலம்.

"டீச்சரம்மா, சோலியா இருக்கீங்களோ?"

"ஆமா. என்ன விஷயம்?"

"வெள்ளனே மொத பஸ்ஸுக்குக் கெளம்பி வந்தேன். சட்டியத் தூக்கியாந்தேன்."

"உனக்குத்தானே குடுத்தாங்க? எதுக்கு இங்க?"

"குடுத்தாங்க. சட்டி வீட்டுல சும்மா கெடக்கு. டொபிதான் வரமாட்டேங்குது. ரெண்டு தடவ கிண்டிட்டேன். மொதத் தடவ களி, கரண்டியிலேயே ஒட்டிக்கிருச்சு. ரெண்டாந் தடவ செஞ்சத எடுத்து எங்க வீட்டுக்காரரு நாயை வெரட்டுறாரு."

அக்கா, ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. உள்ளே கூப்பிட்டு, தட்டு வைத்து டீ கொடுத்தேன். அவள் என் அடுப்படியைப் பார்த்தாள். நெளிந்த தட்டைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"ஏன் பாண்டியம்மா, எஸ்தர் அக்கா உனக்குப் பதம் சொல்லித் தரலையா?"

"சொன்னாங்களே."

இருபத்தாறு வருடம் கேட்டு எனக்குக் கிடைக்காதது, டீயை ஊதிக்கொண்டே 'சொன்னாங்களே' என்கிறாள்.

"என்ன சொன்னாங்க?"

"வேணாம். கோவிச்சுக்குவீங்க."

"மாட்டேன், சொல்லு."

"கோவிச்சுக்குவீங்க. இப்பவே மொகம் அப்படித்தான் இருக்கு."

"பாண்டியம்மா!"

"'கோமதி டீச்சர் பேச்ச நிறுத்துனா சட்டிய எறக்கிரு'ன்னாங்க. அம்புட்டுத்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் டம்ளரை வைத்துவிட்டு விளக்கினாள். "பாகு எளக்கமா இருக்கையில நீங்க பாட்டுக்கு நீளமாப் பேசுவீங்களாம். எறுக எறுகக் கை இழுக்குமில்ல, மூச்சு வாங்கும்ல, பேச்சு துண்டு துண்டா வருமாம். கடைசியா 'உதாரணமா'ம்பீங்களாம். உதாரணம் வராதாம். அப்ப எறக்கணுமாம். போன வருசம் அதத்தான் காதுல சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. நானும் வீட்டுல தனியா நின்னு கிண்டிப் பாத்தேன். எனக்கு எங்கிட்டு டீச்சரம்மா பேச்சு? பேசுனாத்தான நிறுத்துறதுக்கு."

கோபம் வந்தது. வராது என்று சொன்னேனே, அதைவிட அதிகமாக வந்தது. இருபத்தாறு வருடமாக என்னை உன் கை என்று நினைத்திருந்தேன். இல்லையாம். முதுகைக் காட்டி நின்றது காதால் கேட்பதற்காம். நான் உன் வெப்பமானியாம்!

பிறகு மெதுவாக யோசித்தேன். பாதரசத்துக்குத் தான் ஏறுவது தெரியாது. தெரிந்தால் அது ஒழுங்காக ஏறுமா? நீ ஒரு வருடம் வாய்தவறிச் சொல்லியிருந்தாலும் அடுத்த வருடம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பேன், அல்லது வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்திருப்பேன். டொபி பாழாகியிருக்கும். அதனால் சொல்லவில்லை. சரி, அது புரிகிறது. சட்டி ஏன் அவளுக்கு? எனக்குத் தந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் கிளறியிருப்பேன், அவளிடம் தந்தால் என்னைத் தேடி வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டாயா? அல்லது தலைக்கு ஊற்றிச் சிக்கெடுத்தவள் என்ற பிரியத்தில் தந்தாயா? இரண்டாவதுதான் என்றால், அக்கா, தயவுசெய்து எனக்குத் தெரியவேண்டாம்.

"நெனச்சுக்கிட்டே நிக்காதீங்க. வெரசா டின் பாலை உடைங்க" என்றாள் பாண்டியம்மா.

"இனிமே எப்படி வரும்? எனக்குத்தான் விஷயம் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சா என்ன, பேச்சு வராதா உங்களுக்கு?"

கிளறினேன். முதலில் வார்த்தை வரவில்லை, வகுப்பில் அதிகாரி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பாண்டியம்மா உன் மாதிரியே முதுகைத் திருப்பிக்கொண்டு முந்திரி நறுக்கினாள். நான் பருப்பு வேகாத கதையை எடுத்தேன். நூற்றுப் பதினாறு டிகிரியும் அம்மிக்குழவியும் வந்ததும் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு மறந்துபோயிற்று, நான் எதற்குப் பேசுகிறேன் என்பது. முருகேசன் படிக்கிற காலத்தில் எனக்கென்று கட்டிவந்த பூண்டு, சின்ன வயதில் பழனியில் எங்கள் கடை வாசலில் கல்கண்டு பொறுக்கிய நாட்கள் என்று போய், போன வருடம் பாதியில் நின்ற ரயிலுக்கு வந்தேன்.

"உதாரணமா, நாம ரயில்ல போறோம்னு வச்சுக்க. ஜன்னலோரமா ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவருக்கு மரமெல்லாம் பின்னால ஓடுது. மரத்துக்குப் பக்கத்துல நிக்கிறவனைக் கேட்டா, போறது ரயிலுன்னு சொல்வான். யார் போறா, யார் நிக்கிறா... என்னக்கா, சரிதானே?" என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

ஜன்னலில் மஞ்சு மட்டும் இருந்தது. என் வாய் நின்றுவிட்டது.

என் கரண்டிக்கு அடியிலிருந்து சட்டி நழுவிப் போனது. பாண்டியம்மா துணியைப் பிடித்து இறக்கி, தட்டில் கொட்டிவிட்டாள். "நிறுத்திட்டீங்க. எறக்கிட்டேன்" என்றாள். அப்புறம்தான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பாகு இன்னும் கைக்கு இளக்கமாகத்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். தட்டில் அது பரவிய விதத்திலேயே அவளுக்கும் தெரிந்திருக்கும். மறுபடி சட்டியில் போடலாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறியும் சரியாக இறுகவில்லை. கத்தியை வைத்தால் கத்தியோடு வந்தது. பீரோவைத் திறந்து, புடவைகளைத் தள்ளி, உன் கத்தரிக்கோலை எடுத்தேன். வெண்ணெய் தடவி வெட்டினால் துண்டு துண்டாக அழகாக விழுந்தது. "பாத்தீங்களா, டீச்சர் இதையும் நெனச்சுத்தான் உங்களுக்குக் குடுத்திருக்காங்க" என்றாள் பாண்டியம்மா. அவ்வளவு புத்தியெல்லாம் உனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளாதே.

நாற்பது வீட்டுக்கும் போனோம். கடதாசியோடு ஒட்டிக்கொண்டது, பல்லிலும் ஒட்டியது. "இந்த வருஷம் கொஞ்சம் இளகியிருக்கு டீச்சர், ஆனா ருசி அதேதான்" என்று பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர், "எஸ்தர் டீச்சர் டொபி மாதிரி வருமா?" என்றார்கள். என் எதிரிலேயே! பாண்டியம்மா சட்டியைத் தேய்த்து, சாக்கில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு கவுஞ்சி பஸ் ஏறிவிட்டாள். "அடுத்த வருசம் கொண்டாறேன்" என்றாள். இங்கேயே இருக்கட்டுமே என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பொறாமையை விட்டுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன், தந்தாலும் நீ நம்பமாட்டாய். இதற்கு வாக்குத் தருகிறேன்: வருகிற டிசம்பரில் அந்த ரயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன். கை இழுத்து, மூச்சு வாங்கி, இனி ஒரு உதாரணமும் வராது என்கிறவரை பேசுவேன். பாகு நிறுத்தினால் மட்டும் நிறுத்துவேன்.

எங்கிருந்தாலும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திரு. காதை மட்டும் இந்தப் பக்கம் வை.

இன்னும் கரண்டியோடு நிற்கும் உன் தங்கை,
கோமதி